மாட்டுக் கைமா சாண்ட்விச்: கீழக்கரை முதல் தொண்டி வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி, பாம்பன் என்று ராமநாதபுரம் மாவட்டக் கடலோர வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்கள் இவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; மீன் விலை ஏறும். அந்த நாட்களில்தான் இந்தக் கேள்விகள் அதிகம் வரும். நோன்பு மாதத்தில் இன்னும் அதிகம். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறோம்.

கைமாவும் கொத்துக்கறியும் ஒண்ணுதானா? கடையில என்னன்னு கேட்கணும்?

இரண்டையும் ஒன்றாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் கடைக்காரரிடம் போய் நிற்கும்போது வித்தியாசம் இருக்கிறது. கத்தியால் பொடியாகக் கொத்தித் தந்தால் கொத்துக்கறி, மெஷினில் விட்டுத் தந்தால் கைமா. சாண்ட்விச்சுக்குக் கைமாதான் தோது. கொத்துக்கறித் துண்டு பெரிதாக இருப்பதால் கடிக்கும்போது பிரட்டுக்குள் நிற்காமல் மொத்தமாக உருவிக்கொண்டு வெளியே வரும்.

தட்டில் ஏற்கெனவே அரைத்துக் குவித்து வைத்திருப்பதை வாங்காதீர்கள். எப்போது அரைத்தது, எதைப் போட்டு அரைத்தது என்று நமக்குத் தெரியாது. துண்டாகத் தொங்கும் கறியைக் காட்டி, “எலும்பு இல்லாம, ஜவ்வு எடுத்துட்டு, ஒரு தடவை மெஷின்ல விட்டுத் தாங்க” என்று கேளுங்கள். உதிரியாக வைக்கும் கைமாவுக்கு ஒரு தடவை போதும். வடை மாதிரி தட்டி வைப்பதாக இருந்தால் இரண்டு தடவை விட வேண்டும். காலையில் முதல் ஆட்களில் ஒருவராகப் போவது நல்லது, மெஷின் அப்போதுதான் சுத்தமாக இருக்கும்.

லாத்தா (அக்கா), எந்த இடத்துக் கறி வாங்குனா விலையும் குறையும் ருசியும் இருக்கும்?

கழுத்து, முன்சப்பை, கால்சதை. இந்த மூன்றும் துண்டாக வேகவைத்தால் நேரம் பிடிக்கும். அதனால் குழம்புக்கு வாங்குகிறவர்கள் ஒதுக்குவார்கள். அரைத்துவிட்டால் நார் எல்லாம் நறுங்கிப்போவதால் அந்தக் குறை பாதி தீர்ந்துவிடும், ருசியோ தொடைக்கறியை விடத் தூக்கலாக இருக்கும். எலும்பில்லாத கறிக்கு எல்லாம் ஒரே விலை என்று சொல்லும் கடையிலும் முன்சப்பையையே கேளுங்கள்.

கொழுப்பு எவ்வளவு வேண்டும் என்பது எப்போது சாப்பிடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சுடச்சுடச் சாப்பிட 400 கிராம் கறிக்கு 100 கிராம் கொழுப்பு சேர்க்கலாம். பள்ளிக்கூட டிபன் பாக்ஸில் ஆறிப்போய்ச் சாப்பிடுவதற்கு 50 கிராமுக்கு மேல் வேண்டாம். மாட்டுக் கொழுப்பு உருக உடம்புச் சூட்டை விடக் கூடுதல் சூடு வேண்டும். ஆறியபின் அது உறைந்து, மேல்வாயில் மெழுகு தடவின மாதிரி ஒட்டும். பிள்ளைகள் பாதி கடித்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவரும் சாண்ட்விச்சை எடுத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் திட்டுத்திட்டாக இருப்பது இதுதான்.

அரைக் கிலோவுல எத்தனை சாண்ட்விச் வரும்? ஒண்ணுக்கு என்ன செலவாகும்?

12 வரும். அரைக் கிலோ கைமா வெந்து வற்றினால் 350 கிராம் அளவுக்கு நிற்கும். அதோடு 250 கிராம் உருளைக்கிழங்கும் 200 கிராம் வெங்காயமும் சேர்ந்தால் 700 கிராமுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ பூரணம் கிடைக்கும். ஒரு சாண்ட்விச்சுக்கு 60 கிராம், அதாவது குவித்து எடுத்த மூன்று மேசைக்கரண்டி. 24 துண்டு பிரட் வேண்டும்.

கறிச் செலவைக் கணக்குப் போட எளிய வழி: உங்கள் கடையில் கிலோ என்ன விலையோ அதை 24-ஆல் வகுங்கள். கிலோ 360 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு சாண்ட்விச்சில் 15 ரூபாய்க் கறி. பிரட், வெங்காயம், எண்ணெய், கேஸ் எல்லாம் அதற்கு மேலே.

கைமாவைக் கழுவணுமா? கழுவுனா பாதி தண்ணியோட போயிடுது.

அரைப்பதற்கு முன்னால் கழுவுங்கள், அரைத்த பிறகு வேண்டாம். கடையிலேயே துண்டுக்கறியைக் கழுவித் தண்ணீர் வடியவிட்டு மெஷினில் போடச் சொல்லலாம். அரைத்த கைமா தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பிறகு சட்டியில் வதங்காமல் அவியும். ருசியும் அந்தச் சிவப்புத் தண்ணீரோடு போய்விடும். கிருமியைக் கொல்வது அடுப்புச் சூடுதான், கழுவும் தண்ணீர் இல்லை.

கழுவாமல் மனசு ஒப்பவில்லை என்றால், சன்னக் கண் வடிகட்டியில் போட்டு ஒரே ஒரு முறை பச்சைத் தண்ணீர் விட்டு அலசி, 15 நிமிடம் வடியவைத்து, கையால் அழுத்திப் பிழிந்துவிடுங்கள். வெந்நீர் கூடாது, மேற்பரப்பு வெந்து கட்டி கட்டியாகிவிடும்.

வீட்டு மிக்ஸியில அரைச்சா கூழா போயிடுதே?

கறி சூடாவதுதான் காரணம். பிளேடு சுற்றச் சுற்றக் கொழுப்பு இளகிப் பூசிக்கொள்ளும், கறி விழுதாகிவிடும். இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, தட்டில் பரப்பி ஃபிரீசரில் 30 முதல் 40 நிமிடம் வையுங்கள். தொட்டால் வெளியே விறைப்பாகவும் அழுத்தினால் உள்ளே லேசாக அமுங்குவதாகவும் இருக்க வேண்டும். ஜாரில் ஒரு கைப்பிடி, 100 கிராம் மட்டும். ‘விப்பர்’ பக்கம் திருப்பி ஒரு நொடி, விட்டு, ஒரு நொடி. மூன்று நான்கு முறை போதும். ஜாரையும் கறியோடு ஃபிரீசரில் வைத்தால் இன்னும் நல்லது.

ஜவ்வை முன்பே உரித்துவிட வேண்டும். வெள்ளி மாதிரி பளபளக்கும் அந்தத் தோல் மிக்ஸியில் அறுபடாது, பிளேடில் சுற்றிக்கொள்ளும்.

மேல சிவப்பா இருக்கு, கிண்டுனா உள்ள பழுப்பா இருக்கு. கெட்டுப்போச்சா?

இல்லை. காற்றுப் படும் கறி சிவக்கும், காற்றுப் படாத நடுப்பகுதி பழுப்பாக, மங்கலாக இருக்கும். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். புளித்த வாடை வந்தாலோ, விரலில் பிசுபிசுவென்று ஒட்டினாலோ கொட்டிவிடுங்கள். வெளிப்புறமும் பச்சை ஓடின மாதிரி மங்கியிருந்தால் வாங்கவே வேண்டாம்.

சரி, பூரணம் எப்படிச் செய்யணும்? அளவோட சொல்லுங்க.

அரைக் கிலோ கைமாவை மூன்று லிட்டர் குக்கரில் போட்டு ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, கால் டம்ளர் தண்ணீர் சேருங்கள். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே விரலால் கட்டியெல்லாம் உதிர்த்துவிட வேண்டும், வெந்தபின் உதிராது. பெரிய தீயில் ஒரு விசில், பிறகு சிறு தீயில் 10 நிமிடம். கறி முற்றல் என்றால் 15 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். திறந்தால் கிட்டத்தட்ட ஒரு டம்ளர் சாறு நிற்கும். அதை ஒரு கிண்ணத்தில் வடித்துவையுங்கள், கொட்டாதீர்கள்.

இப்போது அகலமான இரும்புச் சட்டி. வடித்த கைமாவை மட்டும் போட்டு நடுத்தரத் தீக்குச் சற்று மேலே வைத்து வறுங்கள். முதலில் சலசலவென்று கொதிக்கும் சத்தம் கேட்கும். ஐந்தாறு நிமிடத்தில் அது படபடவென்று பொரியும் சத்தமாக மாறும், ஓரத்தில் கொழுப்பு பளபளக்கும். கரண்டியால் நடுவே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோட்டுக்குள் ஈரம் ஓடி வரவில்லை என்றால் பதம் சரி. நிமிடத்துக்கு ஒரு முறை கிளறினால் போதும். ஓயாமல் கிளறினால் செம்மை பிடிக்காது.

கைமாவை ஒதுக்கிவிட்டு இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய், ஒரு தேக்கரண்டி சோம்பு, பொடியாக நறுக்கிய 200 கிராம் வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், ஒரு கொத்து கறிவேப்பிலை. வெங்காயம் பொன்னிறமானதும் ஒன்றரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், இரண்டு தேக்கரண்டி மல்லித்தூள், ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், அரைத் தேக்கரண்டி கரம் மசாலா. அரை நிமிடம் பிரட்டி, எடுத்துவைத்த சாற்றில் பாதியை ஊற்றி, வேகவைத்து மசித்த 250 கிராம் உருளைக்கிழங்கைச் சேர்த்து எல்லாவற்றையும் ஒன்றாக்கி மறுபடி வற்றவிடுங்கள். உப்புப் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கியபின் அரை மூடி எலுமிச்சைச் சாறும் மல்லித்தழையும் புதினாவும். மீதிச் சாறு நோன்புக் கஞ்சிக்கோ சால்னாவுக்கோ ஆகும், அரைக் கிலோ கறியின் வாசம் அதில் இருக்கிறது.

எங்க போர் தண்ணி உப்பா இருக்கு. அதுல வேகவச்சா பரவாயில்லையா?

கறிக்குப் பரவாயில்லை, முதலில் போடும் உப்பை அரைத் தேக்கரண்டியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறும் என்பது நினைவில் இருக்கட்டும். ஆனால் கடலைப்பருப்பு, பட்டாணி சேர்ப்பதாக இருந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. கடினத் தண்ணீரில் பருப்பு எத்தனை விசில் விட்டாலும் கல்லுக்கல்லாக நிற்கும். அதற்கு மட்டும் காவிரித் தண்ணீரோ விலைக்கு வாங்கிய குடத்துத் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். ஊறவைக்கவும் அதே தண்ணீர்தான்.

வதக்க வதக்கத் தண்ணி விட்டுக்கிட்டே இருக்கு. என்ன தப்பு?

சட்டி சிறிது, கைமா அதிகம். அரைக் கிலோவுக்கு அடிப்பாகம் ஒரு சாண் அகலமாவது இருக்க வேண்டும். மேலே மேலே கிடந்தால் அடியில் வரும் ஆவி மேல் அடுக்கில் பட்டுத் தண்ணீராகும், கறி வறுபடாமல் அவிந்துகொண்டே இருக்கும். இரண்டு ஈடாகப் போடுங்கள். வெங்காயத்தையும் கைமாவையும் ஒரே நேரத்தில் பச்சையாகப் போடுவது இன்னொரு காரணம், இரண்டும் தண்ணீர் விடும். மூடி போடவே கூடாது.

மாட்டு வாடை அடிக்குதுன்னு வீட்டுல சாப்பிட மாட்டேங்குறாங்க.

வாடை பெரும்பாலும் பழைய கொழுப்பிலிருந்து வருகிறது. முற்றின மாட்டின் கொழுப்பு மஞ்சளாக இருக்கும். அதை எடுத்துவிட்டு வெள்ளைக் கொழுப்பாகப் பார்த்துச் சேர்க்கச் சொல்லுங்கள். குக்கரில் போடும்போது ஒரு தேக்கரண்டி வினிகரும் இரண்டு கிராம்பும் ஒரு சிறு துண்டுப் பட்டையும் சேர்க்கலாம். மேலே சொன்ன வறுக்கும் கட்டத்தைக் குறைத்தால் வாடை நிற்கத்தான் செய்யும். மசாலாவை அள்ளிப்போட்டு மறைக்கப் பார்ப்பதில் பலனில்லை.

கறியைக் குறைச்சு வேற எதைக் கலக்கலாம்?

உருளைக்கிழங்கு எல்லோருக்கும் தெரிந்தது. அதை விடச் சிக்கனம் மீல்மேக்கர். 50 கிராம் மீல்மேக்கரை உப்புப் போட்ட வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, இரண்டு முறை பிழிந்து, மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டால் 150 கிராம் அளவுக்கு வரும், பார்க்கவும் கைமா மாதிரியே இருக்கும். தனியாக வதக்காதீர்கள். எடுத்துவைத்த கறிச்சாற்றில் போட்டுவிட்டால் அதைக் குடித்துக்கொண்டு கறி வாசம் பிடித்துவிடும். பிழியாமல் போட்டால் சோயா வாடை காட்டிக்கொடுக்கும்.

கடலைப்பருப்பு தட்டி வைக்கும் கைமாவுக்கு நல்லது. 100 கிராமை ஒரு மணி நேரம் ஊறவைத்து, அரைக் கிலோ கைமாவோடு சேர்த்தே குக்கரில் வேகவைத்து, நீர் வற்றவிட்டு அரைத்தால் மாவு மாதிரி பிடித்துக்கொள்ளும். முட்டைக்கோஸ், கேரட் துருவிப் போடலாம், ஆனால் உப்பில் பிசறிப் பிழிந்துவிட்டு. எதைக் கலந்தாலும் மொத்தப் பூரணத்தில் பாதிக்குக் கீழே இருக்கட்டும். அதற்கு மேல் போனால் அது கைமா சாண்ட்விச் இல்லை, உருளைக்கிழங்கு சாண்ட்விச்.

பிரட் நனைஞ்சு சொதசொதன்னு ஆயிடுது. எந்த பிரட் வாங்கணும்?

பூரணம் சூடாக இருக்கும்போது வைத்து மூடுவதுதான் முதல் காரணம். ஆவி வெளியேற வழியில்லாமல் பிரட்டுக்குள் இறங்கும். தொட்டால் வெதுவெதுப்புக்கும் கீழே வந்தபின் வையுங்கள். பிரட்டின் உட்பக்கம் இரண்டிலும் வெண்ணெய் மெல்லியதாக ஓரம் வரை தடவ வேண்டும். ஈரத்தைத் தடுப்பது அந்தக் கொழுப்புப் படலம்தான். தக்காளி, வெள்ளரிக்காய் வைப்பதாக இருந்தால் விதையை எடுத்து, துணியில் ஒற்றி, சாப்பிடும் நேரத்தில் வையுங்கள்.

நேற்றைய பிரட் இன்றையதை விட நல்லது, கொஞ்சம் இறுகியிருக்கும். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் பாக்கெட்டைப் பிரித்தால் பூஞ்சை சீக்கிரம் வரும். ஒரு துண்டில் பச்சைப் புள்ளி தெரிந்தாலும் அந்தப் பாக்கெட் முழுவதையும் ஒதுக்குங்கள். புள்ளியைக் கிள்ளிவிட்டுச் சாப்பிடக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத வேர் உள்ளே ஓடியிருக்கும். மிஞ்சும் பிரட்டை ஃபிரீசரில் வைத்து, எடுத்தவுடனே கல்லில் போடலாம். பேக்கரி பன்னும் தோதுதான். இனிப்பு பன் வேண்டாம்.

டோஸ்டர் இல்லை. தோசைக்கல்லுல எப்படி?

தோசைக்கல்லில் டோஸ்டரை விட நன்றாகவே வரும். கல்லைச் சூடாக்கி, தீயைக் குறைத்து, வெளிப்பக்கம் வெண்ணெயோ நல்லெண்ணெயோ தடவிய சாண்ட்விச்சை வைத்து, மேலே ஒரு தட்டு, தட்டின் மேல் தண்ணீர் நிரப்பிய சொம்பு. பக்கத்துக்கு இரண்டு நிமிடம். வெளியே கருகி உள்ளே சில்லென்று இருந்தால் ஃபிரிட்ஜில் இருந்த பூரணத்தை அப்படியே வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அதை முதலில் சட்டியில் ஆவி பறக்கச் சூடாக்கி, சற்று ஆறவிட்டு வைக்க வேண்டும். சுட்டபின் தட்டில் படுக்கப்போடாதீர்கள். அடிப்பக்கம் வியர்த்து நமத்துவிடும். கம்பி வலையில் சாய்த்து நிறுத்துங்கள்.

பாட்டில் சாஸ் வாங்காம காரமா ஏதாவது செய்ய முடியுமா?

நம் ஊர் முண்டு மிளகாய் இருக்கும்போது பாட்டில் எதற்கு? 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. தோல் தடிப்பு என்பதால் அரைத்தால் திக்காக வரும், நிறமும் கிடைக்கும். விதை நீக்கிய 15 முண்டு மிளகாயை வெந்நீரில் 30 நிமிடம் ஊறவைத்து, 8 பல் பூண்டு, சின்ன நெல்லிக்காய் அளவு புளி, ஒரு மேசைக்கரண்டி பொடித்த கருப்பட்டி, முக்கால் தேக்கரண்டி உப்பு சேர்த்து அரையுங்கள். கருப்பட்டியில் மண் இருக்கும், கரைத்து வடிகட்டிச் சேர்க்க வேண்டும். மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் சிறு தீயில் எண்ணெய் பிரியும்வரை, 12 நிமிடம் போலக் கிளறி, ஒரு மேசைக்கரண்டி வினிகர் விட்டு இறக்குங்கள். ஈரமில்லாத பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் இருக்கும். சாண்ட்விச்சுக்கு ஒரு தேக்கரண்டி போதும், பிள்ளைகளுக்கு அதிலும் பாதி.

மயோனைஸ் வீட்டுல அடிச்சுப் போடலாமா?

பச்சை முட்டையில் அடித்தது வேண்டாம். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டதற்குக் காரணமே சால்மோனெல்லா போன்ற கிருமிகளால் வரும் உணவு நஞ்சுதான். நம் வெயிலில் டிபன் பாக்ஸுக்குள் அது இன்னும் ஆபத்து. கெட்டித் தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டு, அதில் நசுக்கிய ஒரு பல் பூண்டு, மிளகுத்தூள், உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் அடித்துச் சேருங்கள். இதுவும் உடனே சாப்பிடும் சாண்ட்விச்சுக்கு மட்டும்.

பர்கர் மாதிரி தட்டிப் போட்டா கல்லுல உடைஞ்சு போகுது, இல்லன்னா பந்து மாதிரி உப்பிடுது.

உடைவதற்குக் காரணம் ஈரம், அல்லது பெரிதாக நறுக்கிய வெங்காயம். அரைக் கிலோவுக்கு இரண்டு தடவை அரைத்த கைமா, ஒரு முட்டை, நான்கு மேசைக்கரண்டி பிரட் தூள், துருவிப் பிழிந்த ஒரு வெங்காயம். பிசைந்து தட்டி அரை மணி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போடுங்கள். உப்பைத் தட்டுவதற்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும். முன்பே போட்டு நெடுநேரம் பிசைந்தால் கறிப் புரதம் பிசினாகி, வெந்தபின் ரப்பர் மாதிரி துள்ளும்.

உப்புவது, ஓரம் முதலில் சுருங்கி நடுவைத் தள்ளுவதால். ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில், பன்னை விட ஒரு விரல் அகலம் பெரிதாகத் தட்டி, நடுவில் கட்டைவிரலால் குழி அமுக்குங்கள். கல்லில் போட்டபின் கரண்டியால் அழுத்திச் சாற்றைப் பிழிய வேண்டாம்.

வீடியோவுல உள்ள சிவப்பா வச்சுச் சாப்பிடுறாங்களே?

முழுத் துண்டுக்கறியில் கிருமி வெளிப்பக்கம்தான் இருக்கும், வெளியே சுட்டால் போதும் என்பது அந்தக் கணக்கு. கைமாவில் வெளிப்பக்கம் முழுவதும் அரைந்து உள்ளே போய்விடுகிறது. அதனால் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் எட்ட வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டில், ஒன்றை இரண்டாகப் பிட்டுப் பாருங்கள்: சிவப்பு துளியும் இல்லாமல், வரும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். முற்றின கறியாக இருந்தால் மூடி போட்டு சிறு தீயில் கூடுதலாக ஐந்து நிமிடம். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடும் வீட்டில் இதில் சலுகையே கிடையாது.

பப்பாளிக்காய் போட்டா சீக்கிரம் மெத்துன்னு ஆகுமாமே? சோடா உப்பும் சொல்றாங்க.

துண்டுக்கறிக்குப் பப்பாளிக்காய் நல்லது. கைமாவில் அது எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் அரை மணியில் கறி மாவாகிவிடும், வாயில் வைத்தால் சுண்ணாம்புக் களி மாதிரி இருக்கும். குக்கரில் வைக்கும் முறைக்கு அது தேவையே இல்லை. தட்டிச் சுடுவதற்குக் கட்டாயம் வேண்டும் என்றால் ஒரு தேக்கரண்டி விழுது, 15 நிமிடம், உடனே கல்.

சமையல் சோடா கால் தேக்கரண்டியை ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து அரைக் கிலோவில் பிசறி 15 நிமிடம் வைத்தால் கறி தண்ணீர் விடுவது குறையும், சீக்கிரம் சிவக்கும். குக்கரில் வைக்காமல் நேராகச் சட்டியில் வதக்கும் இளங்கறிக்கு இது உதவும். அளவு கூடினால் சோப்பு ருசி.

காலையில கட்டிக்கொடுத்தா மதியம் வரைக்கும் தாங்குமா? படகுக்கும் கொண்டு போறாங்க.

வெந்த கறி வெளியே இரண்டு மணி நேரம் தாங்கும், வெயில் 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். நம் பக்கம் பெரும்பாலான மாதங்களில் ஒரு மணிக் கணக்குதான் பொருந்தும். அதனால் காலை எட்டரைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு மணிக்குச் சாப்பிடும் பிள்ளைக்குச் சும்மா கட்டிக்கொடுக்காதீர்கள். முந்தின இரவே செய்து ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, உறைந்த தண்ணீர் பாட்டிலை ஒட்டி வைத்து, தடித்த பையில் அனுப்புங்கள். உருளைக்கிழங்கும் தயிரும் இல்லாத பூரணமாக இருக்கட்டும், கொழுப்பு அளவு மேலே சொன்னபடி. படகுக்காரர்கள் ஐஸ் பெட்டியில் வைக்கலாம், ஆனால் மீனுக்குப் போடும் ஐஸ் சாப்பாட்டில் படக் கூடாது. மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

செய்தித்தாளில் மடிக்காதீர்கள். மை எண்ணெயோடு சேர்ந்து உணவில் இறங்கும். பட்டர் பேப்பரோ வாட்டிய வாழையிலையோ போதும்.

ஃபிரீசர்ல எத்தனை நாள்? கரண்ட் போயிட்டா?

பச்சைக் கைமா ஃபிரிட்ஜில் ஒன்றிரண்டு நாள், ஃபிரீசரில் மூன்று நான்கு மாதம். வெந்த பூரணம் ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள். உருளைக்கிழங்கு சேர்த்ததை உறையவைத்தால் எடுக்கும்போது மணல்மணலாகித் தண்ணீர் விடும், கிழங்கைப் பிறகு சேருங்கள். 250 கிராம் வீதம் கவரில் போட்டு இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் தட்டையாக்கி உறையவையுங்கள். உருண்டையாக வைத்தால் வெளியே இளகி அழுக ஆரம்பிக்கும்போதும் நடுவில் கல்லாக இருக்கும். இளக்குவது இரவில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில். மேடையில் வைத்து இளக்காதீர்கள்.

கரண்ட் போனால் கதவைத் திறக்கவே வேண்டாம். கீழ்த்தட்டு நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃபிரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் தாங்கும். புயல் நேரத்தில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்ரீதுக்குக் குர்பானிக் கறி நிறைய வந்துடுது. அதையே கைமா போடலாமா?

போடலாம், அன்றைக்கே வேண்டாம். அறுத்த சில மணி நேரத்தில் கறி விறைத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் சமைத்தால் எவ்வளவு நேரம் வைத்தாலும் கடினமாகவே இருக்கும். துண்டுகளைப் பரப்பி ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைத்து மறுநாள் அரையுங்கள். பெரிய மூட்டையாக ஃபிரிட்ஜில் திணித்தால் நடுவில் சூடு தங்கிக் கெட்டுவிடும். ஈரல், குடலை இதில் சேர்க்காதீர்கள், அவற்றின் ருசியும் வேகும் நேரமும் வேறு.

மாட்டுக்கறி சாப்பிடாத அக்கம்பக்கத்தவங்களும் வருவாங்க. எப்படிச் சமாளிக்கிறது?

அவர்களுக்கானதை முதலில், வேறு கல்லில், வேறு கத்தியில் செய்து மூடி வைத்துவிடுங்கள். வெண்ணெய்க் கிண்ணத்தையும் தனியாக வையுங்கள், ஏனென்றால் பூரணம் தொட்ட கத்தி திரும்ப அதற்குள்தான் போகும். இதே அளவில் உருளைக்கிழங்கு, மீல்மேக்கர், பட்டாணி வைத்துச் செய்யலாம், கறிச்சாற்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பரிமாறும்போது முக்கோணம், சதுரம் என்று வெட்டி வேறுபடுத்தி, எது எது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். யாரும் சந்தேகத்தோடு சாப்பிட வேண்டிய நிலை வரக் கூடாது.

நோன்பு திறக்க 100 பேருக்குச் செய்யணும். எல்லாத்தையும் எட்டால பெருக்கினா சரியா வருமா?

கறி 4.2 கிலோ, உருளைக்கிழங்கு 2 கிலோ, வெங்காயம் 1.7 கிலோ, பிரட் 200 துண்டு. இவை பெருக்கல் கணக்கிலேயே வரும். உப்பும் மிளகாய்த்தூளும் வராது. ஆறு மடங்கு போட்டு ருசி பார்த்துக் கூட்டுங்கள். குக்கரில் விடும் தண்ணீரையும் பாதியாகக் குறையுங்கள், அத்தனை கறியும் தன் தண்ணீரையே போதுமான அளவு விடும்.

ஒரே அண்டாவில் போட்டால் மேலே சொன்ன தண்ணீர்ப் பிரச்சினைதான் பெரிய அளவில் வரும். 1.4 கிலோ வீதம் மூன்று ஈடாக வேகவைத்து, இரண்டு அகலச் சட்டிகளில் பிரித்து வறுங்கள். லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் பிறகு அடுப்பு வேலையைத் தொடங்கி, வெந்த பூரணத்தை ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் தாம்பாளங்களில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். குவியலாக வைத்தால் நடுவில் சூடு மணிக்கணக்கில் அடங்காது, கெடுவது அங்கேதான் ஆரம்பிக்கும். அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு அதைச் சட்டியில் ஆவி பறக்கச் சூடாக்கி, சற்று ஆறவிடுங்கள். பிறகு ஒருவர் வெண்ணெய் தடவ, ஒருவர் பூரணம் வைக்க, ஒருவர் மூட என்று உட்கார்ந்தால் முக்கால் மணியில் முடியும். கல்லில் சுடுவதை நோன்பு திறக்கும் மஃரிப் (அந்தித் தொழுகை) நேரத்துக்கு 40 நிமிடம் இருக்கும்போது தொடங்குங்கள். இரண்டு பெரிய பரோட்டாக் கல் வேண்டும்; ஒரு கல்லில் ஒரே நேரத்தில் 12 வைக்கலாம். நோன்பாளிகள் ருசி பார்க்க முடியாதே என்று கவலைப்பட்டால், நோன்பு இல்லாத ஒருவரை உப்புப் பார்க்க முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.